முயலுக்கு 28 பல்லு, எனக்கு 7

வாய்யா ராசா, புஸ்தகத்தை மூடிட்டு இப்படித் திண்ணையில ஒக்காரு. காலையில நாலரை மணிக்கு ஆரம்பிச்ச. "அட்டையின் உடல் 33 கண்டங்களைக் கொண்டது, அட்டையின் உடல் 33 கண்டங்களைக் கொண்டது"ன்னு நீ போட்ட சத்தத்துல நம்ம சேவக்கோழி இன்னிக்குக் கூவவே இல்ல. பாவம், அதுக்கும் பரீட்சைன்னு நெனைச்சுக்கிச்சு போல.

பத்தாங்கிளாஸ் பரீட்சைன்னதும் ஒனக்குப் புத்தி சொல்ல வர்றவுகளுக்குக் காப்பி போட்டே எனக்குப் பால் பத்தல. ஒங்க மாமன் வந்து டைம்டேபிள் எழுதிச் செவுத்துல ஒட்டிட்டுப் போனான். ஒங்கப்பன் செல்லைப் புடுங்கி அரிசிப் பானைக்குள்ள பொதைச்சு வச்சிருக்கான். எம் பங்குக்கு நானும் நாலு வார்த்தை சொல்றேன், கேட்டுக்க. மூணாங்கிளாஸோட நின்ன கெழவிக்கு என்னத்தத் தெரியும்னு நெனைச்சுராத. ஒங்க அத்தைமாரு மூணு பேரும் இந்தத் திண்ணையிலதான் கத்திக் கத்திப் படிச்சாளுக. அப்புறம் ஒங்கப்பன். மூணு வருசத்துக்கு முன்னால ஒங்கக்கா. இப்ப நீ. வெங்காயம் உரிச்சுக்கிட்டும் புளி கொட்டை எடுத்துக்கிட்டும் அறிவியல் கேட்டே நரைச்ச தலை இது. ஒன் புஸ்தகத்துல 23 பாடம் இருக்குல்ல? அதுல 22 எனக்குக் காதுவழிப் பாடம். அந்தக் கடைசிப் பாடம், கம்ப்யூட்டர்ல பூனையை நடக்க விடுறது, அது மட்டும் பிடிபடல. நம்ம வீட்டுப் பூனை யாரு சொல்லியும் நடக்காது.

சரி, மொதப் புத்தி. முழு மார்க்கு வேணும்னா எதையும் கண்ணால பாத்துராத.

சிரிக்காதய்யா. நெசமாத்தான் சொல்றேன். அட்டையிலருந்து அட்டை வரைக்கும் படிச்சு முடிச்சுட்டேன்னு நேத்து ஒங்கப்பன்கிட்ட சொன்னியே, நடுவுல ஒரு அட்டை இருக்கே, அதைப் பாத்திருக்கியா? போன வாரம் கண்மாயில மாட்டைக் குளிப்பாட்டப் போனப்ப ஒங் கெண்டைக்கால்ல ஒண்ணு ஏறுச்சு. "அப்பத்தா, புழு! புழு!"ன்னு நீ குதிச்ச குதியில மாடே மெரண்டு கரையேறிருச்சு. வெறும் புழுன்னா விட்டுரலாம்யா. அது ஒன்னோட 13ஆவது பாடம். ஹிருடினேரியா கிரானுலோசா. அந்தப் பேரை ஒரு தடவைகூடத் திக்காமச் சொல்ற நீ, அது நேர்ல வந்து நின்னா அடையாளம் தெரியலங்கிற.

நான் உப்பைப் போட்டு விழுக்காட்டினேனே, அப்பக் கடிவாயை நல்லாப் பாத்தியா? ஒரு புள்ளியிலருந்து மூணு பக்கமாப் பிரிஞ்ச கோடு, சின்ன முச்சந்தி மாதிரி. அதுக்கு மூணு தாடைன்னு படிச்சியே, அந்த மூணும் எழுதுன கையெழுத்து அது. கடிச்சது ஏன் தெரியல? மரத்துப் போறதுக்கும் அது எச்சில்லயே மருந்து வச்சிருக்கு. அது விழுந்த பெறகும் ரத்தம் நிக்காம வடிஞ்சு ஒன் டவுசரெல்லாம் ஆச்சுல்ல? ஹிருடின். ரத்தம் உறையாமப் பாத்துக்கிற சரக்கு. நீ மனப்பாடம் பண்ணுன பக்கம் பூராவும் ஒங் கால்ல எழுதி இருந்துச்சு, நீ ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு அழுதுக்கிட்டு இருந்த.

ஆனா இதையெல்லாம் பரீட்சையில எழுதித் தொலைச்சுராத. "போன வாரம் என்னைக் கடித்த அட்டை" ன்னு ஆரம்பிச்சேன்னா திருத்துற வாத்தியாரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு, ஒரு மார்க்கைக் கொறைச்சுட்டுப் போயிருவாரு. புஸ்தகத்துல எந்த வரிசையில இருக்கோ அந்த வரிசையில எழுது.

அதே பாடத்துல முயல் வருதுல்ல. அதுக்குப் பல்லு 28. வெட்டுப்பல் மேல ரெண்டு ஜோடி, கீழ ஒரு ஜோடி, கோரைப்பல்லே கெடையாது. அந்த எடத்துல விட்டுருக்கிற சந்துக்குப் பேரு டயாஸ்டீமான்னு ஒங்கக்கா படிச்சா. நான் அப்படியே வாயைத் தொறந்து காட்டுனேன். மனுசனுக்கு 32ன்னு கணக்கு சொல்றீக, எனக்கு மிச்சம் 7. என் டயாஸ்டீமாவுல மாட்டு வண்டி போகலாம். முயலுக்கு வெட்டுப்பல்லு தேயத் தேய வளந்துக்கிட்டே இருக்குமாம். குடுத்து வச்ச பெறவி. நான் முறுக்கை வெந்நியில ஊறப் போட்டுத் திங்கிறேன்.

ரெண்டாவது புத்தி: "ஏன்"னு கேக்காத. கேக்குறவனுக்கு நேரம் ஆகும். ஸ்பெஷல் கிளாஸ்ல வாத்தியாருக்கு ரிவிஷன் முடிக்கணும், ஒனக்கு பஸ்ஸைப் புடிக்கணும். காரணம் கூறுகன்னு கேள்வித்தாள்ல கேட்டா, கைடுல இருக்கிற காரணத்தைக் கூறு. அது போதும்.

நான் அப்படி ஏன்னு கேக்காம இருந்து பட்டது ஒண்ணு சொல்றேன். மானாமதுரைப் பானை ஒண்ணு இருந்துச்சு. சித்திரை வெயில்லயும் தண்ணி அப்படிச் சில்லுன்னு இருக்கும். ஒரு பொங்கலுக்கு ஒங்க சின்னத்தை அதை அழகு பண்றேன்னு கடையில எனாமல் பெயிண்டு வாங்கியாந்து, சுத்தியும் நீலம் அடிச்சு, அது மேல மல்லிகைப் பூ வரைஞ்சா. பாக்க அம்மன் கோயில் சப்பரம் மாதிரி இருந்துச்சு. ஆனா அந்தக் கோடை பூராம் தண்ணி கொதிச்சுச்சு. நான் என்ன பண்ணுனேன்? பானை வித்த வேளாரைச் சந்தையில வச்சுப் புடிச்சுக்கிட்டேன். "மண்ணு குடுத்தியா, மண்ணுன்னு சொல்லி என்னத்தையும் குடுத்தியா"ன்னு வஞ்சு தீத்தேன். அவரு ஒண்ணும் பேசல. பானையைக் கொண்டாங்க பாப்போம்னாரு. நான் கொண்டு போகல.

அப்புறம் ஒரு நாள் ஒங்கப்பன் படிச்சுக்கிட்டு இருந்தான். பானையில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நெறைய இருக்காம். அது வழியாத் தண்ணி கசிஞ்சு வெளிப்பக்கம் வந்து ஆவியாகுதாம். ஆவியாகுறதுக்கு வேணும்கிற வெப்பத்தை உள்ள இருக்கிற தண்ணிகிட்டயிருந்தே எடுத்துக்குதாம். அதான் குளுமை. நான் கையில இருந்த கரண்டியை வச்சுட்டுப் பானையைப் போய்ப் பாத்தேன். வழவழன்னு நீலமா, பூப் போட்டுக்கிட்டு, ஒரு ஓட்டையும் இல்லாம. வேளாருக்கு அடுத்த சந்தையில காப்பி வாங்கிக் குடுத்தேன். எதுக்குன்னு சொல்லல. நானும் லேசுப்பட்டவ இல்ல.

மூணாவது, செய்முறை. எழுத்துப் பரீட்சைக்கு 75, செய்முறைக்கு 25. இந்த 25க்குப் போகும்போது பயபக்தியாப் போகணும், கோயிலுக்குப் போற மாதிரி. எதையும் வெளாட்டாத் தொட்டுறக் கூடாது. வீட்டுல நடக்குற செய்முறையெல்லாம் செய்முறையே இல்லன்னு வச்சுக்க. ஒங்கத்தை மக கல்யாணத்துல ஆலத்தி கரைச்சேன், நீதான் தாம்பாளத்தைப் புடிச்ச. மஞ்சத்தூளைத் தண்ணியில போட்டேன், மஞ்சளா இருந்துச்சு. துளியூண்டு சுண்ணாம்பைக் கொழைச்சேன், ரத்தச் செவப்பாப் போச்சு. நீ வாயைப் பொளந்துக்கிட்டு "அப்பத்தா, சாயம் போட்டியா?"ங்கிற. பள்ளிக்கூடத்துல லிட்மஸ் தாளை முக்கி, காரத்துல நீலம் அமிலத்துல செவப்புன்னு நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கிருக்க! மஞ்சளும் நிறங்காட்டிதான்யா. காரம் பட்டா செவக்கும். ஒங்கப்பன் வேட்டியில சாம்பார் சிந்துன எடத்துல சோப்பைப் போட்டதும் செவப்பாகுதே, அதுவும் இதுதான். நம்பலைன்னா அந்த ஆலத்தியில எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு பாரு, திரும்ப மஞ்சளாகும். ஆனா கல்யாண வீட்டுல புழிஞ்சுராத. மாப்பிள்ளை வீட்டுக்காரவுக சகுனம் பாப்பாக.

குத்துவிளக்கு விளக்குறப்ப மட்டும் ஒன்னைய ஆளையே காணோம். பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும். வெண்கலம்னா செம்பும் வெள்ளீயமும். அது மேல பச்சையா ஏறுதே களிம்பு, காத்துல இருக்கிற ஈரமும் கார்பன்டை ஆக்சைடும் செம்போட சேந்து பண்ற வேலை. நாலு மார்க்குக் கேள்வி. நான் ஒரு உருண்டைப் புளியை வச்சுத் தேய்க்கிறேன், புளியில இருக்கிற அமிலம் அதைக் கரைச்சு எடுக்குது, உள்ளருந்து பளபளன்னு செம்மஞ்சள் எட்டிப் பாக்குது. அந்த எடத்துல மூக்கை வச்சா ஒரு வாடை வரும் பாரு, புளிப்பும் காசு வாடையும் கலந்தாப்ல. அந்த வாடை எந்தக் கைடுலயும் அடிக்காது. இந்தக் களிம்புக்குப் பயந்துதான் அந்தக் காலத்துல பித்தளைச் சட்டிக்கு உள்ள ஈயம் பூசுவாக. புளிக்கொழம்பும் செம்பும் நேருக்கு நேர் சந்திச்சா வகுத்துக்கு ஆகாது. தெருவுல "ஈயம் பூசலையோ"ன்னு ஒருத்தரு வருவாரு. நவச்சாரத்தைப் போட்டு, துணியால தேய்ச்சு, ஒரு சுத்துச் சுத்துனாருன்னா சட்டிக்குள்ள நெலா வெளிச்சம். எவர்சில்வர் வந்துச்சு, அவரு போயிட்டாரு.

செய்முறையில ஸ்கேலை நடுவுல நூல் கட்டித் தொங்கவிட்டு, ஒரு பக்கம் எடைக்கல்லும் இன்னொரு பக்கம் தெரியாத பொருளுமா மாட்டிக் கணக்குப் போடுவியே. எடையையும் தூரத்தையும் பெருக்குனா ரெண்டு பக்கமும் சமமாகணும். திருப்புத்திறன் தத்துவம். இதை எனக்குக் கத்துக் குடுத்தது பள்ளிக்கூடம் இல்ல, புளி வாங்க வந்த யாவாரி. கையில வெள்ளிக்கோல் வச்சிருப்பாரு. நீளக் கோலு, ஒரு முனையில குண்டு, மறு முனையில கொக்கி, நடுவுல தூக்குக் கயிறு. அந்தக் கயித்தை எந்த எடத்துல வச்சாக் கோலு படுத்த வாக்குல நிக்குதோ, அங்க இருக்கிற கோடுதான் எடை. அவரு பேசிக்கிட்டே இருப்பாரு. ஆத்தா சௌக்கியமா, மகளுக்கு எடம் பாத்தாச்சாம்பாரு. நான் சௌக்கியம்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள கயிறு அரை விரக்கடை நகந்திருக்கும், கால் வீசை காணாமப் போயிருக்கும். ரெண்டு வருசம் ஏமாந்தேன். மூணாவது வருசம் அவரு மூஞ்சியைப் பாக்காமக் கயித்தை மட்டும் பாத்துக்கிட்டே, சௌக்கியந்தான், மகளுக்கு எடம் பாத்தாச்சுன்னேன். அன்னிக்குத்தான் அவரு எனக்குச் சரியா எடை போட்டாரு. எனக்கு அதுல 25க்கு 25.

கரிம வேதியியல்ல எத்தனால் தயாரிக்கிற பாடம் வருதே, அதை மட்டும் மாமன் வீட்டுக்கு வந்திருக்கும்போது சத்தமாப் படிக்காத. கழிவுப்பாகைத் தண்ணி விட்டு நீர்க்க விட்டு, ஈஸ்டைப் போட்டு நொதிக்க வச்சு, காய்ச்சி வடிக்கிறதுன்னு படிப்படியா எழுதணும். இதே விடையை அந்தக் காலத்துல கருவேலங்காட்டுக்குள்ள செய்முறையாச் செஞ்சவனை வேன்ல ஏத்திட்டுப் போனாக. ஒனக்கு மார்க்குப் போடுறாக. காலம் மாறிப் போச்சு.

கண்ணு பாடத்துக்கு வருவோம். தெளிவாத் தெரியணும்னா பொருளைக் கண்ணுலருந்து 25 செ.மீ. தள்ளி வைக்கணும். நீ அதைப் படிச்சப்பப் புஸ்தகம் ஒன் மூக்குக்கு ஒரு சாண் தூரத்துலகூட இல்ல. அரிசிப் பானைக்குள்ள இருக்கிற செல்லு, அதை எடுத்தா இமையிலயே ஒட்டிக்கும். வயசானா கண்ணுல இருக்கிற லென்ஸு வளைஞ்சு குடுக்காது, கிட்ட இருக்கிறது மங்கும். அதை வெள்ளெழுத்துன்னு நம்மாளுக எப்பவோ பேரு வச்சுட்டாக. அதுக்குக் குவிலென்ஸு கண்ணாடி. என் கண்ணாடியை வெயில்ல புடிச்சுத் தாளு பொசுங்குதான்னு நீ பாத்தியே, அன்னிக்கு ஒன்ன வஞ்சேன். வஞ்சிருக்கக் கூடாது. இந்த வருசம் நீ புஸ்தகத்துக்கு வெளிய பண்ணுன ஒரே சோதனை அது.

அதே பாடத்துல ராமன் வருவாரு. திருவானைக்கோயில்ல பொறந்த மனுசன். 1921ல சீமைக்குப் போயிட்டுக் கப்பல்ல திரும்பி வரும்போது கடலைப் பாத்துக்கிட்டே வந்திருக்காரு. இது ஏன் இம்புட்டு நீலமா இருக்குன்னு ஒரு கேள்வி. வானத்து நீலம்தான் தண்ணியில தெரியுதுன்னு பெரிய பெரிய ஆளுகளே சொல்லி வச்சிருந்தாக. இவரு அதை ஏத்துக்கல. தண்ணியே ஒளியைச் செதற வைக்குதுன்னு ஆரம்பிச்சு, அந்தக் கயித்தைப் புடிச்சுக்கிட்டே போயி, 1928 பிப்ரவரி 28ல ராமன் விளைவுன்னு கண்டுபுடிச்சாரு. 1930ல நோபல் பரிசு. ஒவ்வொரு வருசமும் அந்தத் தேதிக்கு ஒங்க பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டி வச்சு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் குடுக்கிறாக. யோசிச்சுப் பாரு, அவரு மட்டும் கப்பல்ல குனிஞ்சு கைடு படிச்சுக்கிட்டே வந்திருந்தாருன்னா, ஒனக்கு ஒரு நாலு மார்க்குக் கேள்வி கொறைஞ்சிருக்கும்.

பெரிய நம்பரைக் கண்டாப் பயப்படாத. 18 கிராம் தண்ணியில 6.023 × 10²³ மூலக்கூறுன்னு அவகாட்ரோ பேரால படிக்கிறியே, அது எம்புட்டுத் தண்ணி தெரியுமா? பெருமாள் கோயில்ல உள்ளங்கையைக் குழிச்சு வாங்குற தீர்த்தம், அம்புட்டுத்தான். பட்டரு ஊத்துறாரு, நீ பாதியைச் சட்டையில தொடைக்கிற. எத்தனை கோடானுகோடியத் தொடைச்சேன்னு கணக்குப் பண்ணிக்க.

மின்சாரத்தைப் பத்தி நான் சொல்ல ஒண்ணும் இல்ல. 1 யூனிட்டுன்னா 1000 வாட்டு ஒரு மணி நேரம் ஓடுறது, 36 லட்சம் ஜூல். இதைச் சொல்லிக்கிட்டே மூணு ரூம்புலயும் ஃபேனைச் சுத்தவிட்டுட்டுத் திண்ணையில வந்து ஒக்காந்திருக்க. ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் யூனிட்டை அரசாங்கம் சும்மா விடுது. மிச்சத்துக்கு ஒங்கப்பன் ஜூல் கணக்குல கட்டுறதில்ல.

இம்புட்டு நேரமும் கேலியாவே பேசிட்டா அப்பத்தான்னு நெனைக்காத. படிக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. இன்னும் ஒரு பாடம் பாக்கி இருக்கு, 18ஆவது. அதுக்கு மட்டும் நான் சொல்ற முறை வேற.

எனக்கு மொதல்ல பொறந்தது பொண்ணு. என் மாமியா, ஒன் கொள்ளுப்பாட்டி, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாக, ஒண்ணும் சொல்லல. ரெண்டாவதும் பொண்ணு. பத்தியச் சோறு ஆக்கிப் போட ஆளில்ல, எங்காத்தாதான் வந்து பாத்துச்சு. மூணாவதும் பொண்ணா வந்ததும், "இவ வகுத்துல ஆம்பளைப் புள்ளை தங்காது"ன்னுட்டு இளையான்குடிப் பக்கம் ஒங்கய்யாவுக்கு ரெண்டாந்தாரம் பாக்கக் கெளம்பிட்டாக. பஸ்ஸுல ஏறி ஒக்காந்தே ஆச்சு. ஒங்கய்யா போயி எறக்கிக் கூட்டியாந்தாரு. அப்புறந்தான் ஒங்கப்பன் பொறந்தான், ஊருக்கே கல்கண்டு. ஆனாலும் அவுக கண்ணை மூடுற வரைக்கும் அந்தப் பேச்சை விடல. நானும் எங்கிட்டதான் கோளாறுன்னு நம்பிக்கிட்டுத்தான்யா இருந்தேன். நாப்பது வருசத்துக்கு மேல.

மூணு வருசத்துக்கு முன்ன ஒங்கக்கா இங்க ஒக்காந்து படிச்சா. மனுசனுக்கு 46 குரோமோசோம், 23 ஜோடி. அதுல 23ஆவது ஜோடிதான் ஆணா பொண்ணான்னு முடிவு பண்ணும். பொம்பளைக்கு ரெண்டும் எக்ஸு. ஆம்பளைக்கு ஒரு எக்ஸு, ஒரு ஒய்யி. தாய்கிட்டயிருந்து எப்பவும் எக்ஸுதான் போகும். தகப்பன் எதைக் குடுக்கிறாரோ அதை வச்சுத்தான் புள்ளை. நான் புளியைக் கீழ வச்சுட்டு, இன்னொரு தரம் வாசின்னேன். வாசிச்சா. இன்னொரு தரம்னேன். நாலாவது தரம் அவளே நிறுத்திட்டு என்னைப் பாத்தா.

அப்புறம் நான் ஒரு கேள்வி கேட்டேன். கேக்கக் கூடாதுன்னு ஒனக்குச் சொன்னேன்ல, நான் பரீட்சை எழுதப் போறதில்ல, கேக்கலாம். "ஏத்தா, ஒங்கய்யாகிட்ட ஒரு எக்ஸு, ஒரு ஒய்யி இருந்துச்சே. ஒய்யி அவரு அப்பன்கிட்டயிருந்து வந்திருக்கும். அந்த எக்ஸு யாரு குடுத்தது?"

ஒங்கக்கா நோட்டைத் திருப்பிப் படம் போட்டா. ஒங்கய்யாவுக்கு ஒரு வட்டம், அவரு ஆத்தாவுக்கு ஒரு வட்டம், எனக்கு ஒரு வட்டம். கோடு இழுத்தா. ஒங்க மூணு அத்தைக்கும் வந்து சேந்த அந்த எக்ஸு, ஒவ்வொண்ணும், ஒங்கய்யா வழியா நேரா அவுக ஆத்தாகிட்டயிருந்து வந்தது. பொண்ணா வந்துச்சுன்னா அது அவுக அனுப்பிச்சது. பேனா அப்படியே நின்னுச்சு. ஒங்கக்கா தலையைத் தூக்கிச் செவுத்துல மாலை போட்டுத் தொங்குற படத்தைப் பாத்தா. நானும் பாத்தேன். அந்தக் கோடு புஸ்தகத்துல இல்லையாம்யா. அன்னிக்கு ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல ஒங்காத்தா அடுப்படியிலருந்து ஓடி வந்தா.

அதனால மத்ததையெல்லாம் நீ எப்படி வேணும்னாலும் படி. 18ஆவது பாடம் வர்ற அன்னிக்குத் திண்ணை வேணாம். உள்ள போயி, அந்தப் படத்துக்கு நேரா நின்னுக்கிட்டு, நல்லா அழுத்தந்திருத்தமா, சத்தமாப் படி. கடைசிக் காலத்துல அவுகளுக்குக் காது கொஞ்சம் மந்தம்.